மாடிவீட்டுக்கு நேர்ந்த கிடாய்

அந்த வீடு இடிந்து விழுந்தால் ஒரு கிடாய் அறுத்துத் தெருவுக்கே சோறு போடுவேன் என்று நான் நேர்ச்சை வைத்திருந்தேன். நோய் தீர நேர்ச்சை வைப்பார்கள். பிள்ளை பரீட்சையில் தேற வைப்பார்கள். கட்டாருக்குப் போனவன் சுகமாகத் திரும்பி வர வைப்பார்கள். வீடு விழ வேண்டுமென்று வைத்தவள் இந்தக் கல்முனைக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன், யாருக்கு என்ன?

ஊரில் அதற்குப் பெயர் பழைய ஆஸ்பத்திரி. இரண்டு மாடி, முதிரை மரத் தூண்கள், மேலே சுற்றி வரப் பலகணி, கீழே எட்டுப் பேர் பக்கம் பக்கமாக நடக்கக்கூடிய விறாந்தை. சுனாமிக்குப் பிறகு ஆஸ்பத்திரியைப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே குடியிருந்தது வௌவாலும் ஆடும்தான். துருப்பிடித்த கட்டில்கள் இரண்டு, சேலைன் போத்தல் தொங்கவிடும் கம்பி ஒன்று, சுவரில் கறுப்பு மையில் எழுதிய கட்டில் இலக்கங்கள். இவ்வளவும் அப்படியே கிடந்தன. கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் கையில் போனோடு வருவார்கள். படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டு, "நாம் எல்லாரும் பிறந்த வீடு, நமது மரபுரிமை, இதைக் காப்பாற்றுவோம்" என்று எழுதுவார்கள். அதன் கீழே ஊரே வந்து அழும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் எல்லாரும் பிறந்தது என் உம்மாவின் படுக்கையறையில். அதை எழுதுவதற்கு ஒருத்தருக்கும் கை வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை எவளோ ஒருத்தியின் வீட்டுக்குக் குடிபோகப் போகிறவன். பெண்பிள்ளை பிறந்தால் அன்றிலிருந்தே வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார். கலியாணத்தன்று மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவார். உம்மாவின் வாப்பா சாகாமத்துப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வைத்திருந்த போடியார். அவருக்கு மூத்தது மகன், இளையது மகள். அந்த மகளுக்காகத்தான் மாடிவீட்டைக் கட்டினார். உம்மாவின் நிக்காஹ் அன்று, பள்ளிவாசல் மரைக்காயர்மார் இருந்த சபையில், "இந்த வீடு என்ட மகளுக்கு" என்று சத்தமாகச் சொன்னாராம். அவ்வளவுதான். உறுதிப் பத்திரம் எழுதவில்லை. வாப்பாவிடம் மகள் உறுதி கேட்பதும், காக்காவிடம், அதாவது அண்ணனிடம், தங்கச்சி உறுதி கேட்பதும் எங்கள் பக்கத்தில் பெரிய வெட்கக்கேடு. அந்த வெட்கம்தான் எங்களைத் தின்றது.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது என் வாப்பா காய்ச்சல் வந்து மௌத்தாகிப்போனார். போடியார் அதற்கு முன்பே போய்விட்டார். உம்மா இத்தா இருந்தா. புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் அறைக்குள் இருக்க வேண்டும். கீழ்வீட்டில் மேற்குப் பக்கத்து அறை, அதுதான் உம்மாவின் படுக்கையறை. அதன் வாசலில் வெள்ளைச் சீலை ஒன்று தொங்கவிட்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீலையைத் தூக்கி உள்ளே புகுந்து உம்மாவின் மடியில் கிடப்பேன்.

ஒரு நாள் வெளியே விறாந்தையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மாமா, அதாவது உம்மாவின் காக்கா, அரசாங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊர்ப் பெரியவர்களும் கூட இருந்தார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஓர் ஆஸ்பத்திரி வருவதாகக் கதை. எங்கள் ஊருக்கா பக்கத்து ஊருக்கா என்று இழுபறி. கட்டடம் கொடுக்கிற ஊருக்குத்தான் ஆஸ்பத்திரி. கொடுக்கிற ஆளுக்கு அடுத்த எலக்சனில் பதவிக் கதிரை. மாமாவுக்குக் கதிரை என்றால் உயிர்.

வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "வீட்டுக்காரி ஓமா?"

மாமா சிரித்தார். "அவ இத்தாவில இரிக்கா. கதைக்க மாட்டா. இரிங்க, உங்களுக்கு முன்னால கேக்கன்." சீலைக்குக் கிட்ட வந்து, "தங்கச்சி, ஊருக்கு ஆஸ்பத்திரி வருது. வீட்டக் குடுக்கிறதுக்குச் சம்மதம்தானே?" என்றார்.

உம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. எலும்பு நொந்தது. நான் கத்தவில்லை. உம்மாவும் கத்தவில்லை. இத்தா இருப்பவளின் குரல்கூட அந்நிய ஆணின் காதில் விழக்கூடாது என்றுதான் உம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிறகு நான் வளர்ந்து, ஓதிப் படித்து, தெரிந்த மௌலவிமாரிடமும் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு சட்டமே இல்லை. தன்னுடைய சொத்தைப் பற்றித் தாராளமாகப் பேசியிருக்கலாம். யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்க, எங்கள் பெண்டுகள் அதையும் மார்க்கமென்று நம்பிக் கிடந்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் மாமா. "நிக்காஹுக்குக் கேட்டாலும் பொண்ணு பேசாம இருந்தா அதான் சம்மதம். இதுவும் அப்பிடித்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். சப்பாத்துச் சத்தம் வெளியே போனது.

இத்தா முடிந்து உம்மா சீலையை விலக்கி வெளியே வந்தபோது விறாந்தையில் கட்டில்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா எங்களைத் தெருவில் விடவில்லை. அந்தப் பெருமையை அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மதிலுக்குப் பின்னால் இருந்த பழைய நெல் அறையையும் அடுக்களையையும் எங்களுக்குத் தந்தார். முன்வாசலில் வெள்ளை மாபிள் கல் ஒன்று பதித்தார்கள். அதில் மாமாவின் பெயர். உபயம் அவர். வள்ளல் அவர். அக்கரைப்பற்றில் என்னோடு படிப்பித்த காரைதீவுச் சினேகிதி ஒருத்தி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "கடைத் தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைதான்டி" என்றாள். எங்களுக்குப் பிள்ளையாரும் இல்லை, தேங்காய் உடைப்பதும் இல்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமாக எந்த ஹஸரத்தும் சொல்லித் தரவில்லை.

உம்மாவின் அறையைப் பிள்ளைப்பேற்று அறையாக ஆக்கினார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நெல் அறையில் நாங்கள் படுத்திருப்போம். அந்தப் பக்கம் யாராவது ஒருத்தி "யா அல்லாஹ்" என்றோ "முருகா" என்றோ கத்துவாள். உம்மா எழும்பி உட்கார்ந்துவிடுவா. பிள்ளை அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் படுப்பா. விடிந்ததும் மதிலுக்கு மேலால் ஒரு கை பிளாஸ்க்கை நீட்டும். "கொஞ்சம் சுடுதண்ணி தாங்க உம்மா." உம்மா கொடுப்பா. முகம் சுளிக்காமல் கொடுப்பா. எனக்குத்தான் அந்தப் பிளாஸ்க்கை வாங்கி நிலத்தில் அடிக்க வேண்டும் போலிருக்கும்.

நான் வயதுக்கு வந்த பிறகு மாப்பிள்ளைப் பேச்சுகள் வந்தன. நிறம் இருந்தது, படிப்பு இருந்தது, பிறகு டீச்சர் வேலையும் கிடைத்தது. வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"அப்ப... வீடு எங்க?"

உம்மா ஒன்றும் சொல்ல மாட்டா. நான்தான் அடுக்களையிலிருந்து மதிலைக் காட்டுவேன். "அந்தா, ஆஸ்பத்திரி. வாட்டுக்குள்ள ஒரு கட்டில் எடுத்துத் தரலாம்." ஒரு மாப்பிள்ளையின் தாய் குடித்த தேநீர் புரையேறி இருமினாள். அதற்குப் பிறகு பேச்சுகள் குறைந்தன, பிறகு நின்றுபோயின. வீடில்லாத பெண்ணுக்கு எங்கள் கரையில் மாப்பிள்ளை இல்லை. நான் அழுதுகொண்டு இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அது வயதோடு வாடவும் இல்லை. நல்ல உரம் போட்ட முருங்கை மாதிரி வளர்ந்தது.

சுனாமிக்குப் பிறகு ஆஸ்பத்திரி கிளம்பியதும் உம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகக் காக்காவிடம் போய்க் கேட்டா. "காக்கா, ஆஸ்பத்திரி போயிட்டே. வீட்டத் திருப்பித் தரலாமா?"

மாமா அப்போது கதிரையெல்லாம் இருந்து எழும்பிவிட்டார். ஆனாலும் வாய் கதிரையில்தான் இருந்தது. "அது இப்ப ஊர்ட சொத்து புள்ள. நான் எடுத்துத் தந்தா ஊர் என்னத்தச் சொல்லும்?" என்றார்.

ஊர்! வீட்டைக் கொடுக்கும்போது ஊர் கேட்கவில்லை, திருப்பிக் கேட்கும்போது மட்டும் ஊர் வந்து குறுக்கே நிற்கிறது. அன்றுதான் நான் நேர்ச்சை வைத்தேன்.

நேர்ச்சை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆளும் நான் இல்லை. எங்கள் பக்கத்து மதிலோடு ஒட்டி நின்ற மேற்குச் சுவரின் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று முளைத்திருந்தது. காகம் போட்ட விதை. இரண்டு விரல் உயரம். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்த்து, பள்ளிக்கூடத்தால் வந்ததும் அந்தச் சுவரின் அடியில் ஊற்றுவேன். என் வீட்டு மல்லிகை வாடிச் செத்தது. ஆல் செத்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். வேர் சுவருக்குள் இறங்கியது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரலை விட்டு விலக்குகிற மாதிரி விலக்கியது. வருசத்துக்கு வருசம் வெடிப்பு அகலமானது. நான் போகும்போதும் வரும்போதும் அதற்குள் கையை விட்டுப் பார்ப்பேன்.

ஒரு வெயில் காலம். கன்று மரமாகிப் பலகணி வரைக்கும் போய்விட்டது. வாளியோடு போகிறேன், சுவரின் அடி ஏற்கெனவே ஈரமாகக் கிடக்கிறது. மழை இல்லை. பக்கத்தில் குழாய் இல்லை. திரும்பிப் பார்த்தேன். உம்மா மத்தியானத் தொழுகைக்கு, ளுஹருக்கு, கைகால் கழுவி ஒளு செய்த செம்பை நிமிர்த்திக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடக்கிறா. முதுகு வளைந்துவிட்டது, நடை மட்டும் கெதியாக இருந்தது.

"உம்மா!"

"என்ன?"

"இங்க ஆரு தண்ணி ஊத்தின?"

"மரத்துக்குத் தண்ணி ஊத்துறது நன்மைதானே," என்றா உம்மா. முகத்தில் ஒரு அசைவில்லை. தொழப் போய்விட்டா. நான் அங்கேயே நின்று சிரித்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் இதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. அவ மத்தியானம், நான் பின்னேரம்.

இப்படி இருக்கையில்தான் போன வருசம் மாமாவின் மகன், என் மச்சான், ஒரு சங்கம் சேர்த்தான். பழைய ஆஸ்பத்திரியைத் திருத்தி, வெள்ளையடித்து, மாமாவின் பெயரில் ஞாபகார்த்த வாசிகசாலை ஆக்கப்போகிறார்களாம். பெயிண்டால் எழுதிய பெரிய பலகை முன்வாசலில் ஏறியது. மாமா படுத்த படுக்கையில் இருந்தார், இன்னும் மௌத்தாகவில்லை. ஞாபகார்த்தத்துக்கு அவசரம்!

பலகை ஏறிய கொஞ்ச நாளில் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் திராட்சைப்பழம், மோல்ட் டின். என்னைவிட இளையவன், நல்ல சுபாவம்தான். அவன் மேல் கோபப்படுவது கஷ்டம், ஆனாலும் நான் கஷ்டப்பட்டுக் கோபப்பட்டேன்.

"மாமி," என்றான் உம்மாவிடம். "வாப்பாக்கு ஏலாது. மூச்சு இழுக்குது. ஒங்களிட்டப் பொருத்தம் கேட்டு வரச் சொன்னாரு. பொருந்திக்கங்க மாமி."

பொருத்தம் கேட்பது எங்களுக்குச் சின்ன விசயமில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்க் கேட்பார். மௌத்துக்குக் கிட்ட இருப்பவர் ஆள் அனுப்பிக் கேட்பார். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனுசருக்குச் செய்ததை அந்த மனுசர் பொருந்தாமல் அவனும் மன்னிக்க மாட்டான். அதனால்தான் ஊரையே அடக்கி ஆண்ட மனிதர், மதிலுக்குப் பின்னால் நெல் அறையில் கிடக்கிற ஒரு கிழவியின் வாயை எதிர்பார்த்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்.

உம்மா திராட்சையைப் பார்த்தா. மச்சானைப் பார்த்தா. "அவர் எங்க நிண்டு கேட்டாரோ அங்க வந்து கேக்கச் சொல்லு மனே. அண்டைக்கு ஊர் இருந்திச்சி. இண்டைக்கும் ஊர் இரிக்கணும்," என்றா.

கொண்டு வந்தார்கள். பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கி வந்தார்கள். பள்ளிவாசல் ஆட்கள், சங்கத்துப் பிள்ளைகள், அயல் சனம் எல்லாம் அந்த உடைந்த விறாந்தையில் நிறைந்து நின்றார்கள். உம்மா விடிந்ததும் என்னை அனுப்பி மேற்கு அறை வாசலில் ஒரு வெள்ளைச் சீலை கட்டச் சொல்லியிருந்தா. நாங்கள் இருவரும் சீலைக்கு உள்ளே. சுவரில் கட்டில் இலக்கம். சுவர் வெடிப்பால் ஆலங்கிளை உள்ளே எட்டிப் பார்த்தது. உம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா. அதே பிடி. எனக்கு அறுபதுக்குக் கிட்ட வயது. ஒன்பது வயதில் நொந்த அதே எலும்பு நொந்தது.

"தங்கச்சி," என்றார் மாமா. குரல் காற்றாக வந்தது. "என்னப் பொருந்திக்க."

உம்மா பேசவில்லை.

"தங்கச்சி, நான் பிழ செஞ்சிட்டன். பொருந்திக்க."

உம்மா பேசவில்லை. வெளியே ஒருத்தருக்கொருத்தர் குசுகுசுத்தார்கள். மாமாவின் மூச்சு இழுப்பது உள்ளே வரைக்கும் கேட்டது. மச்சானுக்குத் தாங்கவில்லை. பாவம், அவனுக்கு என்ன தெரியும், வாப்பாவின் வாயையே கொண்டு பிறந்தவன்.

"மாமி பேசாம இரிக்காங்கண்டா அதான் சம்மதம். பொருந்திட்டாங்க," என்றான் சத்தமாக. "அல்ஹம்துலில்லாஹ்" என்று யாரோ சொன்னார்கள்.

உம்மா சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போனா.

உம்மா நேரே மாமாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றா. "காக்கா. அண்டைக்கு நான் வாயத் தெறக்கல்ல. நீங்க சம்மதமெண்டு சொன்னீங்க. இண்டைக்கும் நான் வாயத் தெறக்கல்ல. இதையும் சம்மதமெண்டு எடுத்துக்கிட்டுப் போகப் போறீங்களா?"

மாமாவின் வாய் கோணிக்கொண்டது. கண்ணால் தண்ணீர் ஓடியது. "இல்ல," என்றார்.

"என்ன இல்ல? ஊருக்குக் கேக்கச் சொல்லுங்க."

"அண்டைக்கு நீ சம்மதிக்கல்ல. நான்தான்... நான்தான் சொன்ன. அது உன்ட வீடு."

உம்மா சுற்றி நின்ற எல்லாரையும் ஒருமுறை பார்த்தா. "கேட்டீங்கதானே? சரி. எனக்கு ளுஹருக்கு நேரமாகுது." என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டா. பின்னால் மச்சான் "மாமி, மாமி, பொருந்தினீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான். உம்மா திரும்பவில்லை. யா அல்லாஹ், அன்று எனக்கிருந்த பெருமை! தெருவில் தோரணம் கட்டாத குறை.

வீட்டுக்கு வந்து உம்மா தொழுதா. நெடுநேரம் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதில் கிடந்தா. தொழுகைப்பாயை மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"மகள். போய்க் காக்காட்டச் சொல்லு. நான் பொருந்திட்டன்."

எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. "அத ஏன் அங்கயே சொல்லல்ல?"

"அவர் சொல்றத ஊருக்கு முன்னால சொல்லணும். நான் சொல்றது எனக்கும் அவருக்கும் இடையில. போ கிளி, கெதியாப் போ. மனுசன் தாங்க மாட்டாரு."

போனேன். குடையை எடுத்துக்கொண்டு, அந்த வெயிலில், நடந்துதான் போனேன். உம்மாவுக்குத் தீர்ந்துவிட்டது. உம்மாவாவது அந்த வீட்டில் மணப்பெண்ணாக இருந்தா, பிள்ளை பெற்றா. உம்மாவுக்குப் பிறகு அந்த வீடு யாருக்கு? போடியார் வழியில் பெண்பிள்ளையாகப் பிறந்தவள் நான் ஒருத்தி. நான் மாப்பிள்ளை எடுத்து, என் பிள்ளைகள் ஓடித்திரிய வேண்டிய விறாந்தை அது. அந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

மாமா படுத்திருந்தது மாமியின் வீட்டில். அவருடைய பெண்டாட்டி கொண்டுவந்த வீடு. நல்ல கல்வீடு, ஒரு கல்லும் அசையவில்லை. இவருடைய பெண்டாட்டிக்கு வீடு வேண்டும், தங்கச்சிக்கு வேண்டாம். கட்டிலைச் சுற்றி எல்லாரும் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஓதுவதை நிறுத்தினார்கள். மாமா கண்ணைத் திறந்தார்.

"தங்கச்சி என்ன சொன்னா?"

சொல்லத்தான் வந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் முதலில் ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. "மாமா, உம்மாக்குப் பொறகு அந்த வீடு ஆருக்கு வர வேண்டிய?"

அவர் என்னைப் பார்த்தார். இவ்வளவு காலத்தில் என்னை அவர் நேரே பார்த்தது அதுதான். எனக்குத் தெரியும், அவருக்கு விளங்கியது. ஒரு சொல். "உனக்குத்தான் புள்ள, நீயும் பொருந்திக்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அல்லாஹ் அறிய, அந்த இடத்திலேயே இரண்டு பொருத்தத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

மாமா கண்ணை மூடினார். "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு புள்ள. தங்கச்சி என்ன சொன்னா? அத மட்டும் சொல்லு."

அதை மட்டும்.

நான் பேசவில்லை. மாமி என் கையைப் பிடித்தா. மச்சான், "மச்சி, சொல்லுங்க மச்சி" என்றான். நான் பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டில் உம்மா, "போனியா?" என்று கேட்டா. "போனன்," என்றேன். அவ அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தியில், மஃரிபுக்கு முன்னால், பள்ளிவாசலில் மௌத்து அறிவித்தல் கேட்டது.

அந்த மாரியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. வாய்க்கால் நிறைந்து வீதியால் தண்ணீர் ஓடியது. ஒரு விடியற்காலை மேற்குச் சுவர் ஆலமரத்தோடு சேர்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. பின்னால் மேல்மாடி, அதன் பின்னால் முன்விறாந்தை. எங்கள் நெல் அறைச் சுவரில் புழுதி அப்பியது. மிச்சம் நிற்பது ஆபத்தென்று சபையிலிருந்து பெக்கோ இயந்திரம் வந்து இரண்டு நாளில் தரைமட்டமாக்கியது. சங்கத்துப் பலகையை யாரோ கோழிக்கூட்டுக்குக் கூரையாக எடுத்துப்போனார்கள். மாபிள் கல் இரண்டாக உடைந்து கிடந்தது. சனம் வந்து நின்று "நாங்க பொறந்த வீடு" என்று அழுதது. எல்லாரும் மழையைத்தான் குற்றம் சொன்னார்கள். நானும் உம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

நேர்ச்சையை வைத்திருந்தால் கடன். அடுத்த வெள்ளிக்கிழமை கறுத்தக் கிடாய் ஒன்று வாங்கி அறுத்தேன். நெய்ச்சோறு, இறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல். என்ன நேர்ச்சை என்று கேட்டவர்களுக்கு, "நினைச்சது நடந்திச்சி" என்றேன். வீடு வீடாகச் சோறு போனது. சொந்தத்துக்கு முதல் பங்கு, அதுதான் முறை. அதனால் மச்சானையும் கூப்பிட்டு அனுப்பினேன்.

வந்தான். கேற்றுக்கு உள்ளே வராமல் நின்றான். மெலிந்திருந்தான். நான் சோற்றுத் தட்டை மூடிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், போகவில்லை.

"மச்சி. ஒண்டு கேக்கட்டா? எனக்கு நித்திர இல்ல. அண்டைக்கு மாமி என்னத்தச் சொல்லி ஒங்கள அனுப்பின?"

அடுக்களைக்குள் உம்மா சோறு பரிமாறிய சஹன் தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது. காது மந்தமாகிவிட்டது அவவுக்கு. மச்சானின் பின்னால் வெறுங்காணி வெளிச்சமாகக் கிடந்தது, அதற்கு அப்பால் கடற்கரை வீதி வரைக்கும் தெரிந்தது. நான் பேசாமல் நின்றேன். அவன் கேட்டது மாமி என்ன சொன்னா என்றுதான். இவனும் அதை மட்டும்தான் கேட்டான்.

"இப்பிடிப் பேசாம நிண்டா நான் அத என்னெண்டு எடுக்கிற மச்சி?" என்றான்.

"ஒங்கட வாப்பா எப்பிடி எடுத்தாரோ," என்றேன், "அப்பிடியே எடுங்க."